இடுப்பில் இருந்த கனம்

ராஜபாளையம்
14.7.1997

இன்பத்துக்கு, அக்கா தங்கபாய் எழுதுவது.

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாகத்தான் இருக்கிறாய் போலிருக்கிறது. மூன்று சனிக்கிழமையாக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி எங்கள் ஊரில் வந்து இறங்குகிறாய். வந்த வேலை முடிந்ததும் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போகிறாய். பூக்கார அங்காளம்மாள் வந்து சொன்னாள். "ஒங்க தங்கச்சி பச்சைக் குடை வச்சிருக்காகளா? பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். ஒங்க வீட்டுக்குத்தான் வாராகன்னு நெனச்சேன்" என்றாள். நான் என்ன சொல்ல? "ஆமா, வந்து காப்பி குடிச்சுட்டுத்தான் போனா" என்றேன். என் ஆயுசில் நான் சொன்ன முதல் பொய் அது. அறுபத்து மூன்று வயதில் என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டாய்.

மூன்று வருசமாக நமக்குள் பேச்சு இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும். உன் மகள் தேவகிருபையின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று நான் சொன்ன ஒரு சொல்லை நீ பிடித்துக்கொண்டாய். அந்தச் சொல்லை நான் திரும்ப வாங்கவில்லை, வாங்கவும் மாட்டேன். எனக்கு எதுவும் மறப்பதில்லை என்று உனக்குத் தெரியும். 1979-ல் நீ வாங்கிக்கொண்டு போன எவர்சில்வர் தூக்கு, மூடியில்லாமல் திரும்பி வந்தது. அந்த மூடி இன்னும் உன் வீட்டில்தான் கிடக்கிறது.

நீ போகிற மருந்துக்கடை மாடியைக் கூட்டுகிறவள் அங்காளம்மாளுக்குச் சொந்தக்காரி. டாக்டர் உன் கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டுகிறார் என்று அவள் சொன்னாளாம். புரை விழுந்திருக்கிறதா? நம் அம்மாவுக்கும் உன் வயதில்தான் விழுந்தது. நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்று. கண் விசயத்தில் எனக்குக் கோபம் கிடையாது. மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது.

இங்கே நானும் மகன் பொன்னுராஜும் மருமகளும் பேரன்மாரும் சுகம். பேரன்மாரை மருமகள்தான் பார்த்துக்கொள்கிறாள். எனக்கு இடுப்பு வலி, பிள்ளைகளைத் தூக்குவதில்லை.

தங்கபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
20.7.1997

அக்காவுக்கு இன்பம் எழுதுவது.

உங்கள் கையெழுத்தைக் கவரில் பார்த்தேன். பிரிக்க இரண்டு நாள் ஆயிற்று.

கண்ணில் புரை இல்லை அக்கா. கண் நன்றாகத்தான் தெரிகிறது. அவர் மன வைத்தியம் பார்க்கிற டாக்டர். தனுஷ்கோடி என்று பெயர். மதுரையிலிருந்து சனிக்கிழமை மட்டும் உங்கள் ஊருக்கு வருகிறார்.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. ஞானஸ்நானத்து நாளிலிருந்து நான் நானாக இல்லை. காலையில் கண் விழித்தால் எழுந்திருக்க மத்தியானம் ஆகும். சாப்பாடு மண்ணாக இருந்தது. தையல் மெஷினில் ஊசி துருப்பிடித்தே போயிற்று. இன்பம் என்று பெயர் வைத்தவர்கள் என்னைப் பார்த்தால் சிரிப்பார்கள். இரண்டு வருசம் மாத்திரை சாப்பிட்டேன், தூக்கம் மட்டும் வந்தது. தேவகிருபைதான் எங்கோ விசாரித்து இந்த டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

இவர் இதை வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். மனத்தை வதைக்கிற காட்சி எதுவோ அதை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார். நினைத்தபடியே, அவர் இரண்டு விரலை இடமும் வலமும் ஆட்ட, நம் கண் அதன் பின்னாலேயே போக வேண்டும். தலை அசையக் கூடாது. முதல் நாளே சொல்லிவிட்டார்: "இது புதுசும்மா. அதிர்ச்சி பட்டவங்களுக்குன்னு கண்டுபிடிச்சது. மனச்சோர்வுக்கு எவ்வளவு கேக்கும்னு இன்னும் முழுசாத் தெரியாது. ஆனா ஒங்க சோர்வு ஒரே ஒரு நாள்லதான் போய் நிக்குது. அதனால செஞ்சு பாக்கலாம். மாத்திரைய நிறுத்த வேண்டாம்."

முப்பத்தாறு வருசத்துக்கு முந்தைய அந்த நாள் எது என்று உங்களுக்கு எழுத வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுக்கு வராமல் போகவில்லை அக்கா. இரண்டாவது சனிக்கிழமை தெருமுனை வரை வந்தேன். நீங்கள் யாரையோ திட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பிவிட்டேன்.

இன்பம்


ராஜபாளையம்
28.7.1997

இன்பத்துக்கு,

திட்டினது பால்காரனை. பாலில் தண்ணீர். உன்னையில்லை.

ஆனால் இப்போது உன்னைத் திட்டத்தான் எழுதுகிறேன். ஆக, என் பிள்ளையை மறப்பதற்கு வைத்தியம் பார்க்கிறாய். கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டி, கரும்பலகையைத் துடைப்பதுபோல் அவனைத் துடைக்கப் பார்க்கிறார் அந்த விரல் டாக்டர். நீயும் கண்ணைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

ஞானராஜுக்கு ஒரு போட்டோ கூடக் கிடையாது. மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தக் காலத்தில் யார் போட்டோ எடுத்தார்கள்? அவன் அப்பா போய்விட்டார். நம் அம்மா போய்விட்டாள். அவன் இந்த உலகத்தில் இருந்தான் என்பதற்கு இப்போது உன் தலையும் என் தலையும்தான் சாட்சி. அதில் ஒன்றை நீ கழுவப் போகிறாய்.

நான் கழுவ மாட்டேன். எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. 1961, நம் ஊர் வேதக்கோவில் பிரதிஷ்டைப் பண்டிகை. வீடுவீடாக அரிசி எடுத்து ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனம். கோவிலுக்குப் பின்னால் பனை ஓலைக் கொட்டகையில் பதினொரு அண்டா. சோறு வடிக்கிற கஞ்சி போய் விழ, பக்கத்திலேயே குழி வெட்டியிருந்தார்கள். பிள்ளைக்கு மஞ்சள் சட்டை, நீ தைத்ததுதான். காலையிலிருந்து உன் இடுப்பில் இருந்தான். நான் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தேன். பாண்டு செட்டு வந்தது. பதினைந்து வயதுக் குமரி, உனக்குப் பாண்டு செட்டு பெரிதாகப் போயிற்று. பிள்ளையைக் கீழே விட்டுவிட்டுப் போனாய். அவன் கொட்டகைப் பக்கம் நடந்து போனான்.

அதற்குமேல் நான் எழுத மாட்டேன். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான்.

முப்பத்தாறு வருசமாக இதை நான் சுமக்கிறேன். நீ விரலைப் பார்த்துச் சுகமாகப் போ.

தங்கபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
17.8.1997

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் கடைசிவரை படியுங்கள்.

மறக்கவைக்கும் வைத்தியமாக இருந்தால் நான் போயிருக்க மாட்டேன். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. முதல் நாளே கேட்டேன். "அழிக்க முடியாதும்மா. அது ஒங்கள அழிக்காம பாத்துக்கலாம்" என்றார்.

என்ன நடக்கிறது என்று எழுதுகிறேன். அவர் எதிரே, கொஞ்சம் பக்கவாட்டில் நாற்காலி போட்டு உட்காருவார். காட்சியை நினை என்பார். அதோடு சேர்ந்து மனத்தில் ஓடுகிற சொல் என்ன என்பார். "நான்தான் கொன்றேன்" என்றேன். உடம்பில் எங்கே வலிக்கிறது என்பார். இடது இடுப்பு என்றேன், பிள்ளையை வைத்திருந்த பக்கம். வேதனை பத்துக்கு எத்தனை என்பார். பத்து என்றேன். பிறகு விரல் ஆடும். இருபது இருபத்தைந்து தடவை. நிறுத்தி, "மூச்சு விடுங்க. இப்ப என்ன வருது?" வந்ததைச் சொன்னால் மறுபடி விரல். அவர் நடுவில் பேசுவதே இல்லை. முதல் இரண்டு வாரம் வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். விட்டுவிடலாம் என்று இருந்தேன்.

நாலாவது வாரம் ஒன்று நடந்தது. இத்தனை வருசமும் ஞானராஜ் என்று நினைத்தால் அந்தக் குழி மட்டும்தான் வரும். அன்று வேறொன்று வந்தது. அவன் தூங்கும்போது என் காது மடலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். கம்மலை ஒதுக்கிவிட்டு, மடலை மட்டும். அந்தச் சின்ன விரலின் சூடு அப்படியே வந்தது. அங்கேயே அழுதேன். ஆனால் அது குழியை நினைத்து அழுத அழுகை இல்லை. அன்று வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். ரசம் வைத்தேன். ஊசி மாற்றி மெஷினை ஓட்டினேன்.

அக்கா, எனக்கு ஒரு அவசரம் இருக்கிறது. தேவகிருபைக்கு இரண்டாவது பிள்ளை, டிசம்பரில் நாள் சொல்லியிருக்கிறார்கள். பேறுகாலத்துக்கு இங்கேதான் வரவேண்டும். பிறந்த பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட வேண்டியவள் நான். மூத்தவனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. ஞானஸ்நானத்துக்குப் பிறகு நான் அவனை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. அன்று தளவாய்புரத்துச் சம்பந்தியம்மா பரிபூரணத்திடம், அத்தனை பேர் முன்னால், "இவ கையில பிள்ளையக் குடுத்துராதீங்க, என் பிள்ளைய முழுங்குனவ" என்று சொன்னீர்கள். பரிபூரணம் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு யாரும் கொடுக்கவுமில்லை, நான் கேட்கவுமில்லை. வருகிற பிள்ளையையாவது நான் தொட வேண்டும். அதற்காகத்தான் போகிறேன்.

இன்பம்


ராஜபாளையம்
25.8.1997

இன்பத்துக்கு,

காது மடலைப் பிடித்துக்கொண்டு தூங்குவானா?

எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரியாமல் அவனிடத்தில் ஒன்று இருந்திருக்கிறது. நான் மில்லுக்கு ஷிப்டு போய்விடுவேன், நீதானே வைத்திருந்தாய்.

எந்தக் காது? வலதா, இடதா? எழுது.

வேறு என்ன வந்தது? ஒன்று விடாமல் எழுது. எனக்கு அவன் சாவு நிமிசம் நிமிசமாக நினைவிருக்கிறது. குரல் நினைவில்லை. யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

அந்த டாக்டர் விரலை ஆட்டுவது ஆட்டட்டும். நிறுத்தாதே. உனக்காகச் சொல்லவில்லை.

தங்கபாய்

தூக்கு மூடியைத் தேடினாயா?


ஸ்ரீவில்லிபுத்தூர்
14.9.1997

அக்காவுக்கு,

இடது காது.

குரல் கொஞ்சம் கட்டினாற்போல் இருக்கும், எப்போதும் சளி பிடித்தவன்போல. "சித்தி" வராது, "சிச்சி" என்பான். கோவிலில் எல்லாரும் பாடி முடித்த பிறகு இவன் மட்டும் ஒரு "ஆமேன்" போடுவான், நீங்கள் தொடையில் கிள்ளுவீர்கள். காக்காய்க்கு ஒரு வாய் வைக்காமல் சாப்பிட மாட்டான். இதெல்லாம் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்றிரண்டாக வந்தது. வந்த அன்றே பேப்பரில் எழுதி வைத்தேன், உங்களுக்காக.

இப்போது எழுதப்போவதை எழுதலாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். உங்களைத் தவிர யாரிடமும் கேட்க முடியாது.

போன வாரம் அந்த நாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும் வருகிற வரிசை உங்களுக்குத் தெரியும். பாண்டுச் சத்தம், நான் பிள்ளையை இறக்கிவிடுகிறேன், ஓடுகிறேன். அன்று விரல் போய் வந்துகொண்டிருக்கும்போது வரிசை மாறி வந்தது. முதலில் என் இடுப்பில் கனம் குறைந்தது. பாண்டுச் சத்தத்தின் பக்கம் நான் திரும்பியதே அதற்குப் பிறகுதான். நான் குனிந்து இறக்கிவிடவில்லை. யாரோ என் இடுப்பிலிருந்து அவனை வாங்கினார்கள். பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை. ஒரு வளையல் உடைந்து கூராக இருந்தது. என் இடுப்பில் கீறியது. அன்றைக்கு அங்கே கீறல் இருந்தது அக்கா, அம்மா மஞ்சள் வைத்தாள். எதனால் என்று யாரும் கேட்கவில்லை.

டாக்டரிடம் கேட்டேன், இது நிசமா என்று. "இதுல வர்றதெல்லாம் நடந்ததுதான்னு நான் சொல்ல மாட்டேன். மனசு சேத்துக்கிறதும் உண்டு. நானா ஒண்ணும் சொல்லிக் குடுக்கவும் மாட்டேன். அன்னைக்கு அங்க இருந்தவங்க யாராவது இருந்தா அவங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

இருக்கிறவர் நீங்கள் ஒருவர்தான். உங்களுக்கு எதுவும் மறப்பதில்லை.

அந்தக் கை யாருடையது?

இன்பம்


ராஜபாளையம்
17.9.1997

நான் நினைத்தது சரியாகப் போயிற்று. அவன் டாக்டரில்லை, குறி சொல்கிறவன். உன் பழியைப் போக்க ஊரில் ஒரு கையைத் தேடிக் கொடுத்திருக்கிறான். பச்சை வளையல் அன்றைக்கு நாற்பது பேர் போட்டிருந்தார்கள்.

இனி எனக்கு எழுதாதே. பிள்ளையைப் பற்றி நீ எழுதிவைத்திருக்கிற பேப்பரும் எனக்கு வேண்டாம்.

தங்கபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
12.10.1997

அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

நான் கேட்டது தப்பு. பெற்றவளிடம் போய்க் கேட்டிருக்கிறேன். பழியை இறக்கிவைக்க என் மனமே ஒரு கையை உண்டாக்கியிருக்கும். மூன்று சனிக்கிழமையாக நான் டாக்டரிடம் போகவில்லை. "நடுவுல நிறுத்தினா புண்ணைத் திறந்து வச்ச மாதிரி ஆகிடும், வந்து முடிச்சுட்டுப் போங்க" என்று சொல்லியனுப்பினார். எனக்குத் தெம்பில்லை. மறுபடி மத்தியானம்தான் எழுந்திருக்கிறேன்.

தேவகிருபையைத் தளவாய்புரத்திலேயே பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொல்லிவிட்டேன். பரிபூரணம் குளிப்பாட்டுவார். அவர் கை நல்ல கை. "ஏம்மா?" என்று கேட்டாள். எனக்கு முடியவில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் அழுதாள்.

பேப்பரைக் கிழிக்கவில்லை. உங்களுக்கு எப்போது வேண்டுமோ அப்போது அனுப்புகிறேன்.

இன்பம்


ராஜபாளையம்
3.11.1997

தங்கச்சி இன்பத்துக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். மூன்றாம் வகுப்புப் படித்தவளுக்கு இதை எழுத வருமா என்று பார்க்கிறேன்.

உன் கடிதம் வந்த பிறகு முந்தாநாள் சனிக்கிழமை அந்த டாக்டரிடம் சண்டை போடப் போனேன். ஆமாம், நான்தான். மாடிப்படி ஏறி, பெஞ்சில் உட்கார்ந்து, என்னென்ன கேட்க வேண்டும் என்று மனத்துக்குள் அடுக்கி வைத்தேன். பார்த்தால் பொன்னுராஜை விடச் சின்னப் பையன். "இன்பத்துக்கு அக்கா நான். நீங்க என்ன சொல்லிக் குடுத்தீக அவளுக்கு?" என்றேன். "மத்தவங்க விசயத்தை நான் பேசக்கூடாதும்மா" என்றார். நான் சத்தம் போட்டேன். விரலை ஆட்டி ஊரை ஏமாற்றுகிறீர்களா என்றேன். கீழே மருந்துக்கடைக்காரன் ஏறி வந்து பார்த்தான். அவர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கிற வரை காத்திருந்துவிட்டு, "நீங்க எப்படித் தூங்குறீங்கம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

இன்பம், இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. பதில் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு கல் பெஞ்சில் உட்கார்ந்தேன். மூன்று பஸ் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிற்று. ஏறத் தைரியமில்லை.

அந்தக் கை என் கை.

பச்சை வளையல் அன்று காலையில் அண்டா தூக்கும்போது உடைந்தது. கழற்ற நேரமில்லை. நீ காலையிலிருந்து பிள்ளையைச் சுமந்துகொண்டு நின்றாய். பாண்டு செட்டுச் சத்தம் தூரத்தில் கேட்டதும் உன் கழுத்து நீண்டது. எனக்குப் பாவமாக இருந்தது. "ஏட்டி, எம்புட்டு நேரந்தான் சொமப்ப. குடு அவன. போய் ஆசை தீரப் பாத்துட்டு வா" என்று நான்தான் வாங்கினேன். நீ கேட்கக்கூட இல்லை.

நான் இலை போட்டுக்கொண்டிருந்தேன் என்று எழுதியது பொய். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தேன். அங்கே அரிசி புடைத்துக்கொண்டிருந்த பிச்சையம்மாள் எல்லார் முன்னாலும், "தங்கபாய் வீட்டு அரிசியில புழு. தனியா அள்ளி வச்சிருக்கேன், கோழிக்குப் போடணும்" என்றாள். கோவிலுக்குக் கொடுத்த அரிசியை. என் ரத்தம் கொதித்தது. "ஏட்டி, யாரு அரிசியப் பாத்துப் புழுன்னு சொல்ற?" என்று போனேன். உனக்குத் தெரியும் என் சண்டை எப்படி என்று. பிள்ளை இடுப்பில் இருந்தால் எனக்குச் சண்டை போட வராது. இரண்டு கையும் வேண்டியிருந்தது. இறக்கிவிட்டேன்.

அவ்வளவுதான். அவளை நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சத்தம் கேட்டது.

"பிள்ளைய யாரு வச்சிருந்தா?" என்று எல்லாரும் கேட்டார்கள். அம்மா, "இன்பந்தான வச்சிருந்தா" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் திறக்கவில்லை. பொறவு திறக்க முடியவில்லை. நீ ஓடி வந்து நின்றாய். உன் முகத்தைப் பார்த்தேன், நீயே அதை நம்பிவிட்டாய் என்று தெரிந்தது. கொஞ்ச நாளில் நானும் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல அதுவே எனக்கு நடந்ததுபோல் ஆகிவிட்டது. ஆனால் வளையல் மறக்கவில்லை. அதை அன்றைக்கே கிணற்றில் போட்டேன்.

பிச்சையம்மாளுக்கு எல்லாம் தெரியும். அவளும் பேசவில்லை, தன் பங்கை நினைத்துப் பயந்திருப்பாள். செத்தும் போய்விட்டாள். இன்றைக்கும் அவள்மேல் எனக்குக் கோபம்தான். அது பொய்க் கோபமில்லை, அரிசியில் புழு கிடையாது.

அங்காளம்மாளிடம் சொன்னதுதான் முதல் பொய் என்று உனக்கு எழுதினேன். பார்த்தாயா, அதிலும் பொய்.

பொன்னுராஜை நான் தூக்கி வளர்க்கவில்லை. மாமியார் வளர்த்தாள். பேரன்மாரையும் தொடுவதில்லை. இடுப்பு வலி என்று சொல்கிறேன். எனக்கு இடுப்பு வலியே கிடையாது.

உன்னிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. டாக்டரிடம் போ. அவர் விரல் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான்.

தங்கபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
16.11.1997

அக்காவுக்கு,

கடிதத்தை டாக்டரிடமே எடுத்துக்கொண்டு போய் அங்கே வைத்துத்தான் இரண்டாவது தடவை படித்தேன். தனியாகப் படிக்கப் பயமாக இருந்தது.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. முப்பத்தாறு வருசம் அக்கா. என் கல்யாணத்தன்று கூட நான் சிரித்தால் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டுதான் சிரித்தேன். உங்கள்மேல் எனக்கு வருகிற கோபத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருக்கிறது. இவ்வளவு கோபம் எனக்குள் இருந்தது என்று தெரியாது. "வரட்டும். சோர்வைவிட இது நல்லது" என்கிறார் டாக்டர்.

ஆனால் ஒன்று சொல்லிவிட வேண்டும். கடிதத்தில் எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் நிற்பது நீங்கள் என்மேல் பாவப்பட்டு வாங்கினீர்கள் என்பதுதான். "ஆசை தீரப் பாத்துட்டு வா" என்று நீங்கள் சொன்னது இப்போது காதில் கேட்கிறது. அது நிசமாக நினைவு வந்ததா, உங்கள் கடிதத்தைப் படித்ததால் வந்ததா என்று தெரியவில்லை. எதுவாகவும் இருக்கட்டும்.

பத்து என்று சொன்னது இப்போது நாலு. "நான்தான் கொன்றேன்" என்ற இடத்தில் வேறு என்ன சொல் வைக்கலாம் என்று டாக்டர் கேட்டார். "எனக்குப் பதினைந்து வயது" என்றேன்.

என் கையில் பிள்ளையைக் கொடுக்காதே என்று நீங்கள் சொன்னது பரிபூரணத்திடம். அந்தச் சொல்லைத் திரும்ப வாங்க வேண்டியதும் அவரிடம்தான். எனக்கு எழுதியது எனக்குப் போதும். தேவகிருபைக்குப் போதாது.

இன்பம்


ராஜபாளையம்
1.12.1997

தங்கச்சி இன்பத்துக்கு,

தளவாய்புரம் போய் வந்தேன். பொன்னுராஜைக் கூட்டிக்கொண்டு போனேன், அவனுக்கும் தெரியட்டும் என்று.

முற்றத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் நைட்டிக்குப் பொத்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். பரிபூரணம், "உள்ள வாங்க, உக்காந்து பேசலாம்" என்றார். உள்ளே வரமாட்டேன் என்றேன். அன்றைக்கு நாலு பேர் முன்னால்தானே சொன்னேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பொன்னுராஜ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

பரிபூரணம் என் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு, "அன்னைக்கு நீங்க சொன்னதக் கேட்டு நான் அந்தம்மா கையில இருந்து பிள்ளையப் புடுங்குனேன். எனக்கும் பாவத்துல பங்கு குடுத்துட்டீகளே" என்றார். தலையைக் குனிந்தேன். எனக்குக் குனிந்து பழக்கமில்லை, கழுத்து வலித்தது. பிறகு அவர்தான் தேவகிருபையைக் கூப்பிட்டு, "ஏட்டி, துணிமணி எடுத்து வை. ஒங்கம்மா வீட்டுக்குத்தான் போற" என்றார். நானே கொண்டுவந்து விடலாம் என்று இருந்தேன். உன் வாசலில் நிற்க எனக்கு என்ன உரிமை. அவர் கூட்டி வருகிறார். வருகிற வியாழக்கிழமை மத்தியானம்.

வீட்டுக்கு வந்ததும் பொன்னுராஜ் சாப்பிடவில்லை. "அம்மா, எனக்கொரு அண்ணன் இருந்தான்னே யாரும் ஒழுங்காச் சொன்னதில்ல" என்றான். நீ எழுதிவைத்த பேப்பரை அனுப்பு. அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும். எனக்கும்.

தங்கபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
11.1.1998

அக்காவுக்கு,

பேப்பர் இதோடு வருகிறது, ஏழு பக்கம். கடைசிப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்கு ஏதாவது வந்தால் எழுதுங்கள்.

பெண் பிள்ளை. பிறந்து இருபத்து மூன்று நாள் ஆகிறது. முதல் பத்து நாள் பரிபூரணம்தான் குளிப்பாட்டினார். நான் வெந்நீர் மட்டும் விளாவிக் கொடுத்துக்கொண்டு நின்றேன். வெந்நீர்ப் பானையைப் பார்த்தாலே இடுப்பு வலித்தது. பதினோராம் நாள் பரிபூரணம் பலகையில் உட்காரவில்லை. "மதினி, எனக்கு இன்னைக்கு முட்டு வலி. நீங்கதான்" என்றார். அவருக்கு முட்டு வலி கிடையாது. உங்கள் இடுப்பு வலி மாதிரிதான்.

உட்கார்ந்தேன். காலை நீட்டினேன். பிள்ளையைக் காலில் வைத்தார். தண்ணீரை மூன்று தடவை கை விட்டுப் பார்த்தேன். தலை நனைகிறதா, காலில் சோப்பு போயிற்றா என்று என் கண் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருந்தது. தலை, கால், தலை, கால். திடீரென்று டாக்டரின் விரல் நினைவு வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேவகிருபை பயந்துபோய் ஓடி வந்தாள். நான் சிரித்து அவள் பார்த்து எவ்வளவு நாளாயிற்றோ.

வேதனை எத்தனை என்று டாக்டர் கேட்டால் இப்போது இரண்டு என்று சொல்கிறேன், சில நாள் மூன்று. பூஜ்யம் ஆகாது போலிருக்கிறது. பரவாயில்லை என்கிறார் டாக்டர். மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். எது குணமாக்கியது டாக்டர், விரலா, மாத்திரையா, அக்கா கடிதமா என்று கேட்டேன். "பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியலம்மா" என்றார். தெரியாது என்று சொல்கிற டாக்டரை எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்களும் அவரிடம் போக வேண்டும். சண்டைக்கு இல்லை. தூக்கம் எப்படி என்று கேட்டாரே, அதற்குப் பதில் சொல்ல.

கோபம் இன்னும் இருக்கிறது. பொய் எழுத மாட்டேன். சில நாள் மெஷின் ஓட்டும்போது உங்களோடு மனத்துக்குள் சண்டை போடுகிறேன், நானே ஜெயிக்கிறேன்.

ஆனால் நேற்றுப் பிள்ளை என் மடியில் தூங்கும்போது ஒன்று யோசித்தேன். என் கையில் பிள்ளை இல்லாமல் போனது மூன்று வருசம். உங்கள் கையில் முப்பத்தாறு வருசமாக இல்லை. அதை நீங்களே உங்களுக்குச் செய்துகொண்டீர்கள், யாருக்கும் தெரியாமல்.

சனிக்கிழமை பத்து மணி பஸ்ஸில் வாருங்கள். சுவரில் சாய்ந்து உட்காருங்கள், நான் பக்கத்திலேயே இருப்பேன். பிள்ளையை உங்கள் மடியில் வைப்பேன். வளையல் போட்டிருந்தால் கழற்றிவிட்டு வாருங்கள். இரண்டு கையும் வேண்டும்.

தூக்கு மூடி கிடைத்துவிட்டது. அதைக்கொண்டு அரிசிப் பானையை மூடியிருந்தேன். தூக்கைக் கொண்டு வாருங்கள்.

இன்பம்